ஏழைக்குக் கொடுப்பதை யார் தடுத்தார்கள்?

2025 ஆகஸ்ட் 13 அன்று மெக்சிகோவின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் வறுமைக் கணக்கை வெளியிட்டது. 2018-இல் அந்த நாட்டில் ஏழைகள் 5 கோடியே 19 லட்சம் பேர். 2024-இல் 3 கோடியே 85 லட்சம். ஆறு ஆண்டுகளில் 1 கோடியே 34 லட்சம் பேர் வறுமையை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். மக்கள்தொகையில் 41.9 சதவீதமாக இருந்த ஏழைகள் 29.6 ஆகக் குறைந்திருக்கிறார்கள். நடுவில் கொரோனா வந்து வாரிக்கொண்டு போன ஆண்டுகளும் இதில் அடக்கம். லத்தீன் அமெரிக்காவில் இது சின்னச் செய்தி இல்லை.

அதுவரை இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது கோனேவல் என்ற தன்னாட்சி அமைப்பு. ஆட்சியில் யார் இருந்தாலும், கசப்பான எண்ணாக இருந்தாலும், மறைக்காமல் வெளியிட்டு நம்பிக்கை சம்பாதித்திருந்தது. ஆகஸ்ட் 13-க்குச் சில வாரங்கள் முன்பு அதை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த வேலை, புள்ளிவிவர நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனமும் தொழில் தெரிந்தது, மரியாதையுள்ளது. எண்களில் பெரிதாகக் குறை சொன்னவர்கள் இல்லை. ஆனாலும் ஏழைகளைக் குறைத்த அதே இயக்கம், ஏழைகளை எண்ணிய அமைப்பையும் மூடியது. இந்த இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்பதில்தான் மெக்சிகோ இன்று இரண்டுபட்டு நிற்கிறது.

இயக்கத்தின் பெயர் மொரேனா. உருவாக்கியவர் ஆந்த்ரேஸ் மானுவல் லோபஸ் ஓப்ரடோர். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஊரே அவரை 'அம்லோ' என்கிறது. 2018 டிசம்பர் முதல் 2024 செப்டம்பர் வரை அதிபர். அவருக்குப் பிறகு அவருடைய சீடரான கிளாடியா ஷெயின்பாம், நாட்டின் முதல் பெண் அதிபராக அதே பாதையில் ஆள்கிறார்.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை

1953-இல் தெற்கே தபாஸ்கோ மாநிலத்தில், சிறு கடை நடத்திப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் அம்லோ. இருபதுகளில், சோந்தால் மாயா பழங்குடி மக்களின் நலனுக்கான அரசு அலுவலகத்தில் வேலை. அரசியலில் நுழைந்தது நிறுவனப் புரட்சிக் கட்சி வழியாக. 1929 முதல் 2000 வரை 71 ஆண்டு மெக்சிகோவை விடாமல் ஆண்ட கட்சி அது. 1988-இல் அங்கிருந்து வெளியேறி இடதுசாரிகளுடன் சேர்ந்தார்.

2000-இல் தலைநகரின் ஆட்சித் தலைவரானபோது அவர் செய்த ஒரு காரியம் அவருடைய பிற்கால அரசியல் முழுவதற்கும் அச்சாரம். 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மாதாமாதம் உதவித்தொகை. ஏழையா, பணக்காரரா என்ற விசாரணை கிடையாது. எம்.எல்.ஏ. சிபாரிசு, தாசில்தார் கையெழுத்து என்று அலைந்து பழகிய நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

2006 அதிபர் தேர்தலில் அரை சதவீத வித்தியாசத்தில் தோற்றார். திருட்டு என்றார். தலைநகரின் பிரதான சாலையில் ஆதரவாளர்களோடு கூடாரமடித்து வாரக்கணக்கில் போக்குவரத்தை முடக்கினார். தேர்தல் அமைப்புகள், நீதிமன்றங்கள் மீது அவருக்கு வந்த வெறுப்பு அன்று வேர்விட்டது, பிறகு ஆறவேயில்லை. 2012-இலும் தோல்வி. 2018-இல் 53 சதவீத வாக்கு. 'எல்லோர் நன்மைக்கும், முதலில் ஏழைகள்' என்பது அவருடைய முழக்கம்.

எளிமையைக் காட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அதிபர் மாளிகையில் குடியேறாமல் அதைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். அதிபருக்கான சொகுசு விமானத்தை விற்கப்போகிறேன் என்று அறிவித்தார். நாலு ஆண்டுக்கு மேல் வாங்க ஆளில்லை. இடையில் அந்த விமானத்தின் பெயரில் லாட்டரி நடந்தது, ஆனால் பரிசு விமானம் அல்ல, பணம். கடைசியில் தஜிகிஸ்தான் வாங்கிக்கொண்டது. வாரநாட்களில் காலை 7 மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு, சில நாட்களில் இரண்டு மணி, மூன்று மணி நேரம். நாடு அன்று எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது காலை காப்பிக்கு முன்பே முடிவாகிவிடும். பிடிக்காத பத்திரிகையாளர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். 2024 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவரின் கைப்பேசி எண்ணையே நேரலையில் வாசித்தார். உலகிலேயே செய்தியாளர்கள் அதிகம் கொல்லப்படும் நாடுகளில் ஒன்று மெக்சிகோ என்பதை நினைவில் வைத்தால், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூலி உயர்ந்த கதை

1 கோடியே 34 லட்சம் பேர் மேலே வந்ததற்கு உதவித்தொகைகள்தான் காரணம் என்று வெளியூரில் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. பெரிய பங்கு கூலிக்கு.

2018-இல் ஒருநாள் குறைந்தபட்சக் கூலி 88.36 பெசோ. 2024-இல் 248.93. 2026-இல் 315.04. விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு மடங்குக்கு மேல். 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு அங்கே ஒரு வேதவாக்கு இருந்தது: கூலியை ஏற்றினால் விலைவாசி ஏறும், வேலை போகும். அதனால் முப்பது ஆண்டுக்கு மேல் கூலியை அமுக்கியே வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு 15, 20 சதவீதம் ஏற்றிப் பார்த்தபோது வேலைவாய்ப்பு சரியவில்லை. 2022-இல் விலைவாசி ஏறியது உண்மை. அந்த ஆண்டு உலகம் முழுக்க ஏறியது. இவ்வளவு காலம் பொருளாதார நிபுணர்கள் எதை வைத்துப் பயமுறுத்தினார்கள் என்று ஒரு மெக்சிகோத் தொழிலாளி கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் உண்டு. அபராதம், அரசு வீட்டுக் கடன், கட்டணங்கள் எல்லாவற்றையும் 'இத்தனை குறைந்தபட்சக் கூலி' என்ற அளவில்தான் அந்த நாட்டுச் சட்டங்கள் எழுதி வைத்திருந்தன. கூலியை ஏற்றினால் கடன் பாக்கியும் சேர்ந்து ஏறும். இந்தச் சிக்கை 2016-இல் அவிழ்த்து, அபராதத்துக்கும் கடனுக்கும் தனி அலகு கொண்டுவந்தது அம்லோ கரித்துக்கொட்டிய முந்தைய ஆட்சி. கூலியை நிர்ணயிப்பது அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் மூன்று தரப்பும் உட்காரும் ஆணையம். ஓர் ஆண்டு தவிர்த்துப் பெரும்பாலும் முதலாளிகள் தரப்பும் ஒப்புக்கொண்டே உயர்வு வந்தது.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். 2018-இல் 65 வயது ஆனவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,160 பெசோ. 2024-இல் 6,000. இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட கிளைகளோடு நலவாழ்வு வங்கி என்ற அரசு வங்கியைக் கட்டினார்கள்; பணம் அட்டையில் ஏறுகிறது, இடையில் யார் கையும் நனைவதில்லை. 2020-இல் இந்த உதவித்தொகை அரசியல் சாசனத்தின் 4-ஆம் பிரிவில் உரிமையாகவே ஏறியது. அப்போது செனட்டில் மொரேனா கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்கு இல்லை. எதிர்க்கட்சிகளிலிருந்தும் ஆதரவு வந்ததால்தான் நிறைவேறியது.

2019-இல் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, சங்கத் தலைவர்களை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. சிலாவோ நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2022-இல் தொழிலாளிகள் பழைய கைப்பாவைச் சங்கத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிய சங்கத்துக்கு வாக்களித்தார்கள். 2021-இல் ஒப்பந்தக் கூலி முறைக்குக் கடிவாளம். 2023-இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 6 நாளிலிருந்து 12 நாள் ஆனது.

மேலே சொன்னவற்றின் ஆண்டுகளைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கேட்க ஆளில்லாமல் நடந்தது

மருத்துவத்தில் நடந்தது வேறு கதை. சம்பளப் பட்டியலில் இல்லாத ஏழைகளுக்காக 'மக்கள் காப்பீடு' என்ற திட்டம் முன்பு இருந்தது. ஓட்டை உடைசல் நிறைய. மாநில ஆளுநர்கள் சிலர் பணத்தைச் சுருட்டியதும் உண்மை. 2020 தொடக்கத்தில் அம்லோ அதைக் கலைத்துவிட்டு, தேசிய நலவாழ்வு நிறுவனம் ஒன்றை அவசரமாக நிறுவினார். சரியான விதிமுறை இல்லை, போதிய பணமில்லை. டென்மார்க்கைப் போன்ற மருத்துவமனைகள் வரும் என்றார். மூன்றே ஆண்டில் அந்த நிறுவனத்தை அவரே கலைத்தார்.

2018-இல் மருத்துவ வசதி எட்டாதவர்கள் சுமார் 2 கோடி. 2022-இல் 5 கோடியே 4 லட்சம். இதைக் கணக்கெடுத்துச் சொன்னது, மூடப்பட்ட அந்தக் கோனேவல்தான். 2024-இல் கொஞ்சம் இறங்கி 4 கோடியே 45 லட்சம். அதாவது வறுமை குறைந்த அதே ஆறு ஆண்டுகளில், காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்கள் இரட்டிப்புக்கு மேல். கையில் பணம் வந்தது. அதில் ஒரு பகுதி மருந்துக்கடையை ஒட்டிய தனியார் கிளினிக்குக்குப் போனது.

பள்ளிக்கு வரவேண்டும், தடுப்பூசி போடவேண்டும் என்ற நிபந்தனையோடு ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்த பழைய திட்டத்தை உலகமே படியெடுத்தது. அதையும் 2019-இல் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் கொடுப்பது என்ற கொள்கையில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. நகரத்தில் வீடுவாசலோடு இருக்கும் முதியவருக்கும் கிடைக்கிறது. மலைக்கிராமத்தில் 65 வயதை எட்டாமலே செத்துப்போகிற குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. கடும் வறுமையில் இருந்தவர்கள் 87 லட்சத்திலிருந்து 70 லட்சமாக மட்டுமே குறைந்ததற்கு இதுவும் காரணம். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான குழந்தைகள் காப்பகத் திட்டமும் அப்போதுதான் வெட்டப்பட்டது.

ஓர் இரவில் 86 வாக்கு

அம்லோவின் கையைக் கட்டியது உச்ச நீதிமன்றம். அவருடைய மின்துறைச் சட்டத்தை நீதிமன்றங்கள் நிறுத்தின. தேசியக் காவல்படையை ராணுவத்திடம் கொடுத்த சட்டம் 2023 ஏப்ரலில் ரத்தானது. யுகாத்தான் காட்டின் ஊடே போகும் மாயா ரயில் போன்ற அரசுத் திட்டங்களைத் தேசப் பாதுகாப்பு என்று முத்திரை குத்தி விவரம் கொடுக்க மறுத்த உத்தரவு அதே ஆண்டு மே மாதம் ரத்து. தேர்தல் ஆணையத்தின் ஆட்களையும் பணத்தையும் வெட்டிய 'பிளான் பி' சட்டங்கள் மே, ஜூன் மாதங்களில் ரத்து. அந்தச் சட்டங்களுக்கு எதிராக லட்சக்கணக்கானோர் இளஞ்சிவப்பு உடையில் தலைநகரில் திரண்டிருந்தார்கள்.

அம்லோ 'பிளான் சி' என்றார். சாசனத்தையே மாற்றும் பலத்தைத் தேர்தலில் வாங்குவது. 2024 ஜூன் 2 தேர்தலில் ஷெயின்பாம் ஏறக்குறைய 60 சதவீத வாக்கு வாங்கினார். எதிர்த்து நின்ற சோச்சில் கால்வெஸ் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மோசடி என்று வாதாட இடமேயில்லாத வெற்றி. நாடாளுமன்றத்தில் மட்டும் ஒரு கணக்கு விளையாட்டு நடந்தது. மொரேனா கூட்டணி வாங்கியது 55 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கு. கீழவையில் கிடைத்தது 500-இல் 364 இடம். வாக்கு விகிதத்தைவிட 8 சதவீதத்துக்கு மேல் கூடுதல் இடம் எந்தக் கட்சிக்கும் கிடைக்கக்கூடாது என்கிறது சாசனம். அது கூட்டணிக்குப் பொருந்தாது, தனித்தனிக் கட்சிக்குத்தான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. பழைய ஆட்சிகளும் இதே ஓட்டையில் புகுந்து வந்தவை என்பதால் எதிர்க்கட்சிகளால் உரக்கக் கத்தவும் முடியவில்லை.

சாசனத்தைத் திருத்தச் செனட்டில் 86 வாக்கு வேண்டும், கூட்டணிக்கு 83. வேறு கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். இன்னும் ஒன்று. 2024 செப்டம்பர் 10 இரவு, பழமைவாத எதிர்க்கட்சியின் செனட்டர் ஒருவர் தந்தையோடு வந்து, ஆதரித்து வாக்களித்தார். குடும்பத்தின் மீது வழக்குகள் இருந்த நேரம் அது. போராட்டக்காரர்கள் அவைக்குள் புகுந்துவிட, செனட் பழைய கட்டடத்துக்கு ஓடிப்போய்க் கூடியது. விடியும் முன் 86-க்கு 41. நாட்டின் எல்லா நீதிபதிகளையும், உச்ச நீதிமன்றம் வரை, மக்கள் வாக்களித்தே தேர்ந்தெடுப்பார்கள் என்பது புதிய சாசனம்.

உச்ச நீதிமன்றம் அதை ஓரளவாவது செல்லாதாக்கியிருக்கலாம். 11 நீதிபதிகளில் 8 பேர் வேண்டும். 7 பேர் தேறினார்கள். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 31 அன்று, சாசனத் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் ஆராயக்கூடாது என்று இன்னொரு திருத்தம் வந்துவிட்டது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் எதை மாற்றினாலும் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்றது. மெக்சிகோ நேர் எதிர்த்திசையில் போய், அந்தக் கதவை எழுதி வைத்தே பூட்டிவிட்டது.

2025 ஜூன் 1, நீதிபதி தேர்தல். மொத்தம் சுமார் 2,600 பதவிகள். வாக்குச்சீட்டு ஒன்றல்ல, ஆறு. சில இடங்களில் அதற்கும் மேல். நூற்றுக்கணக்கில் முன்பின் கேட்டறியாத பெயர்கள். யாருக்குப் போடவேண்டும் என்று எண்களை அச்சடித்த பிட் துண்டுகள் ஊர் ஊராகக் கைமாறின. உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வான 9 பேரின் பெயரும் அந்தப் பிட்டுகளில் இருந்தன. வாக்களித்தவர்கள் 13 சதவீதம். தேர்தல் ஆணையம் முடிவை ஏற்றது, 6-க்கு 5 என்ற கணக்கில்.

ஆதரவாளர்கள் கேட்பது

மொரேனாக்காரர்களின் பதிலைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. அந்தப் பழைய நீதிமன்றம் யாருடையது என்கிறார்கள். குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தண்டனையில்லாமல் போகிற நாடு. மாமன், மச்சான், மருமகள் என்று நீதித்துறை முழுக்க உறவுக்காரர்கள். பெரும் பணக்காரர்களின் வரி வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். இதில் பொய் எதுவுமில்லை. புதிய நீதிமன்றம் 2025 நவம்பரில், தொலைக்காட்சி அதிபர் ரிகார்டோ சலினாஸ் பிளியேகோவின் நிறுவனங்கள் சுமார் 4,800 கோடி பெசோ வரி கட்டவேண்டும் என்ற தீர்ப்புகளை உறுதிசெய்தது.

அதன் தலைவர் ஹூகோ அகிலார் ஓர்த்திஸ், வாஹாகா மாநிலத்தின் மிஸ்தேக் பழங்குடி வழக்கறிஞர். 19-ஆம் நூற்றாண்டில் பெனிட்டோ ஹுவாரஸுக்குப் பிறகு அந்த நாற்காலியில் பழங்குடி மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெருமைதான். அதே அகிலார், அம்லோ அரசில் பழங்குடி அலுவலக அதிகாரியாக இருந்து மாயா ரயிலுக்குப் பழங்குடி மக்களிடம் ஒப்புதல் வாங்கும் கலந்தாய்வை நடத்தியவர் என்பதையும், அந்தக் கலந்தாய்வு சர்வதேச நெறிகளுக்கு ஏற்றதல்ல என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2019-இல் சொன்னதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

'மக்களாட்சியே முடிந்தது' என்று இன்று எழுதும் முன்னாள் அதிபர் எர்னெஸ்டோ ஸெடியோவும் சும்மா இருந்தவர் இல்லை. பதவியேற்ற வேகத்தில் உச்ச நீதிமன்றத்தின் 26 நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பி 11 பேர் கொண்ட புதிய நீதிமன்றம் அமைத்தவர் அவர். இன்னொரு பக்கம், 1988 தேர்தலில் எண்ணிக்கைக் கணினி 'பழுதானபோது' உள்துறையைக் கையில் வைத்திருந்த மானுவல் பார்ட்லெட், அம்லோ ஆட்சியில் ஆறு ஆண்டும் மின்வாரியத் தலைவர். மெக்சிகோ அரசியலில் யாரும் கங்கையில் குளித்து வந்தவர்கள் அல்ல.

அம்லோவை வெனிசுவேலாவின் சாவேஸோடு சேர்த்துக் கட்டுவதும் சரிவராது. சாவேஸ் 2009-இல் பதவிக்கால வரம்பை நீக்கினார். எல் சால்வதோரின் புக்கேலே 2025-இல் அதையே செய்தார். அம்லோ ஆறு ஆண்டு முடிந்ததும் சியாபஸின் பலென்கேயில் தன் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு இது ஆறுதலைவிட அதிகமாக யோசனையைத்தான் தருகிறது. பழைய நிறுவனப் புரட்சிக் கட்சியிலும் எந்த அதிபரும் ஒருமுறைக்கு மேல் ஆண்டதில்லை. ஆட்கள் மாறினார்கள், கட்சி 71 ஆண்டு இருந்தது. அவர் போன அதே மாதம் அவருடைய மகன் மொரேனாவின் அமைப்புச் செயலாளரானார். உறவினர்கள் அடுத்தடுத்துப் பதவிக்கு வரத் தடை போட ஷெயின்பாம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 2027 தேர்தலிலேயே அமலாக வேண்டும் என்றார். அவருடைய கூட்டணியே செனட்டில் அதை 2030-க்குத் தள்ளிவைத்தது. அதிபருக்கே கட்சி எங்கே கோடு கிழிக்கிறது என்று இதில் தெரிந்தது.

இப்போது அந்த ஆண்டுகளுக்கு வருகிறேன். கூலி உயர்வு 2019 முதல். தொழிலாளர் சட்டம் 2019. சாசனத்தில் உதவித்தொகை 2020. ஒப்பந்தக் கூலிக்குக் கடிவாளம் 2021. விடுப்பு 2023. எல்லாம் அந்த 11 நீதிபதிகளும், தன்னாட்சித் தேர்தல் ஆணையமும், தகவல் உரிமை ஆணையமும் கோனேவலும் அப்படியே இருந்தபோது வந்தவை. 1 கோடியே 34 லட்சம் பேர் மேலே வந்த ஆறு ஆண்டுகள் அவைதான். நீதிமன்றம் ரத்து செய்தவற்றை மறுபடி பாருங்கள்: காவல்படை, ரகசிய உத்தரவு, தேர்தல் ஆணையம், மின்வாரியம். ஒரு கிழவியின் உதவித்தொகையோ ஒரு கூலிக்காரரின் சம்பளமோ அதில் இல்லை. 'ஏழைகளுக்குக் கொடுக்க விடாமல் தடுக்கிறார்கள், அதனால் அதிகாரம் வேண்டும்' என்ற வாதம் மேடையில் எடுபட்டது. தேதிகளோடு ஒட்டவில்லை. எதிர்ப்பக்கமும் தப்பாகவே கணக்குப் போட்டது. கூலியும் உதவித்தொகையும் வெறும் வாக்கு வாங்கும் தந்திரம் என்று ஆறு ஆண்டு பேசிவிட்டு, நீதிமன்றத்தைக் காப்பாற்ற வாருங்கள் என்று அதே மக்களை அழைத்தார்கள். யார் வருவார்கள்?

சீருடையின் கையில்

2024 செப்டம்பரில் பெரும்பான்மை கிடைத்ததும் வேகமாக நடந்தவை மூன்று: நீதிபதிகள், தன்னாட்சி அமைப்புகள், ராணுவம். அரசு அலுவலகங்களைத் தகவல் கொடுக்கவைத்த தகவல் உரிமை ஆணையம் 2025 மார்ச்சில் முடிந்தது. அந்த வேலை இப்போது அரசின் ஊழல் தடுப்புத் துறையிடமே. தேசியக் காவல்படை, நீதிமன்றம் கூடாது என்ற அதே ராணுவத்திடம், இம்முறை சாசனத் திருத்தம் வழியாகப் போனது.

ராணுவத்தைப் படைமுகாமுக்குத் திருப்பி அனுப்புவேன் என்று தேர்தல் மேடைகளில் சொன்னவர் அம்லோ. ஆட்சிக்கு வந்ததும் தலைநகருக்கு வடக்கே புதிய விமான நிலையம், யுகாத்தான் காட்டின் ஊடே சுமார் 1,500 கிலோமீட்டர் மாயா ரயிலின் ஒரு பகுதி, நலவாழ்வு வங்கியின் கிளைகள் எல்லாம் ராணுவத்தின் கையால் எழுந்தன. மெக்சிகானா விமான நிறுவனத்தை நடத்துவதும் ராணுவம்தான். துறைமுகங்களும் கடல் சுங்கமும் கடற்படையிடம். சிவில் அதிகாரிகள் லஞ்சம் வாங்குவார்கள், சீருடை அணிந்தவர்கள் மக்களின் பிள்ளைகள், வாங்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 2025 செப்டம்பரில், எரிபொருளை வரி கட்டாமல் கடத்தி உள்ளே கொண்டுவந்த வழக்கில் துணை அட்மிரல் ஒருவர் உட்படக் கடற்படை அதிகாரிகள் கைதானார்கள். ஷெயின்பாம் அரசே கைது செய்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ராணுவ ஒப்பந்தங்களைக் கேட்டுப் பெற இருந்த வழி அடைபட்டபிறகு, அடுத்த கடத்தலை வெளியார் யாரும் கண்டுபிடிப்பது கடினம்.

அதிகாரக் குவிப்பு என்றால் தலைநகரின் மேல்தட்டுக் கவலை என்ற எண்ணம் மெக்சிகோவில் பரவலாக இருக்கிறது. அம்பாரோ என்ற சட்ட ஏற்பாட்டின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அரசின் செயலால் பாதிக்கப்பட்ட எவரும் நீதிபதியிடம் போய்ப் பாதுகாப்பு கேட்கும் இந்த முறை, 1841-இல் யுகாத்தானில் பிறந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. கோடீஸ்வரர்கள் வரியைத் தள்ளிப்போட அதைப் பயன்படுத்தினார்கள் என்பது நிஜம். அதே அம்பாரோவைக் கையில் எடுத்துத்தான், புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் 2019 முதல் அரசு மருத்துவமனைகளில் நின்றுபோன மருந்துக்காக வழக்காடினார்கள். காப்பகம் மூடப்பட்ட தாய்மார்கள் போனார்கள். கிணறுகளும் குகைகளும் நொறுங்குவதைப் பார்த்த யுகாத்தான் கிராமத்து மாயா மக்கள், ரயிலை நிறுத்தச் சொல்லிப் போனார்கள். சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இழுத்தடிப்புதான்.

புதிய விதிப்படி, ஒரு சட்டத்தை எதிர்த்து ஒருவர் அம்பாரோ வாங்கினால் அது அவருக்கு மட்டும்தான். அதே சட்டத்தால் பாதிக்கப்பட்ட அடுத்த வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. அவர் தனியாக வக்கீல் வைத்து, தனியாக வழக்குப் போட்டு, பிட் துண்டில் பெயர் வந்து ஜெயித்த நீதிபதி ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். கோடீஸ்வரரிடம் அதற்கான வக்கீல்கள் எப்போதும் இருக்கிறார்கள்.